கோபுர முத்திரை முதல் தமிழ் மறவன் வரை: தமிழ்நாட்டின் மாநிலச் சின்னங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளை அதிகம் கேட்பவர்கள் மூன்று வகை. கோட்டூர்புரம் நூலகத்தில் காலையிலேயே இடம் பிடித்து டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள் ஒரு வகை. மறுநாள் பள்ளிக்கு சார்ட் கொண்டுபோக வேண்டும் என்று இரவு ஒன்பது மணிக்குச் சொல்லும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது, ‘விசிட்டிங் கார்டில் கோபுர சீல் போடலாமா சார்?’ என்று வாடிக்கையாளர் கேட்டதும் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கும் அச்சகக்காரர்கள். குழப்பம் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான். இலச்சினை, பாடல், விலங்கு, பூ எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் அடுக்கிப் படித்துவிடுகிறோம். இலச்சினைக்குப் பின்னால் தண்டனையோடு கூடிய சட்டம் இருக்கிறது. பாடலுக்கும் பட்டாம்பூச்சிக்கும் அரசாணை இருக்கிறது. வேறு சில நாம் பாடப்புத்தகத்தில் படித்துப் பழகியவை. எது எந்த வகை என்று தெரிந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் தானாகவே வந்துவிடும்.

முழுப் பட்டியலை ஒரே மூச்சில் சொல்ல முடியுமா?

விலங்கு நீலகிரி வரையாடு, பறவை மரகதப் புறா, மலர் செங்காந்தள், மரம் பனை, பட்டாம்பூச்சி தமிழ் மறவன், மாநிலப் பாடல் ‘நீராருங் கடலுடுத்த’ என்று தொடங்கும் தமிழ்த்தாய் வாழ்த்து. இவற்றோடு பலா, கபடி, பரதநாட்டியம் மூன்றையும் பாடநூல்களும் வழிகாட்டிகளும் சேர்த்துச் சொல்லும். ஆட்சிமொழி தமிழ், 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி.

அரசு இலச்சினையில் என்னென்ன இருக்கின்றன?

ரேஷன் ஸ்மார்ட் கார்டை எடுத்துப் பாருங்கள். நடுவில் கோயில் கோபுரம், அதற்கு முன்னால் அசோகரின் சிங்கத் தூண், இரு பக்கமும் தேசியக் கொடிகள். சுற்றிலும் மேலே ‘தமிழ்நாடு அரசு’, கீழே ‘வாய்மையே வெல்லும்’. வடிவம் உருவானது 1949-இல், அன்றைய சென்னை மாகாணத்துக்காக. வரைந்தவர் மதுரைக்காரரான ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ்.

சார்ட்டுக்காகப் படம் வரையும் பிள்ளைகள் பெரும்பாலும் கொடிகளை விட்டுவிடுகிறார்கள், அல்லது கொடிக்குப் பதிலாக இரண்டு தென்னை மரம் மாதிரி எதையோ போட்டுவிடுகிறார்கள். கொடிகள் முக்கியம். சிங்கத் தூணும் தேசியக் கொடியும் சேர்ந்து இருப்பது இந்த இலச்சினையின் அடையாளம்.

அது எந்தக் கோயில் கோபுரம்? ஸ்ரீவில்லிபுத்தூரா, மதுரையா?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதலில் ஒரு எச்சரிக்கை: ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரையும் மதுரைக்காரரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் பேசாதீர்கள்.

பாடநூல்களும் விருதுநகர் மாவட்ட நிர்வாகமும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்றே சொல்கின்றன. ஊர் உலகம் ‘ஆண்டாள் கோயில் கோபுரம்’ என்று சொன்னாலும், பதினொரு நிலையோடு உயர்ந்து நிற்கும் அந்த ராஜகோபுரம் வடபத்ரசாயி சந்நிதிக்கு உரியது. ஆண்டாள் சந்நிதி அதே வளாகத்தில் பக்கத்தில் இருக்கிறது. அன்றைய பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. இந்தக் கோபுரத்தைப் பரிந்துரைத்தார் என்ற கதையும் பரவலாக உண்டு. (அப்போது மாகாண முதல்வரைப் ‘பிரதமர்’ என்றுதான் அழைத்தார்கள். பிள்ளைகள் நேருவோடு குழப்பிக்கொள்வார்கள், சொல்லி வையுங்கள்.)

மறுபக்கம், படத்தை வரைந்த கிருஷ்ணா ராவே தான் வரைந்தது மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அது ஒன்பது நிலைக் கோபுரம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கட்சிக்காரர்கள் சொல்லும் வலுவான வாதம், அந்தக் கோபுரத்தில் சுதைச் சிற்பங்கள் அதிகம் இல்லை, இலச்சினையிலும் இல்லை என்பது. எனக்கு இது ஒப்பவில்லை. ரூபாய் நாணயம் அளவுக்கு அச்சாகும் முத்திரையில் யார் வரைந்தாலும் சிற்பங்களை விட்டுவிட்டு வெறும் அடுக்குகளாகத்தான் வரைவார்கள். வரைந்தவர் கையில் தூரிகை இருந்தது. அவர் எதைப் பார்த்து வரைந்தார் என்பதற்கு அவர் வார்த்தைக்குத்தான் நான் கூடுதல் எடை கொடுப்பேன். ஆனால் தேர்வு அறையில் என் கருத்துக்கு மதிப்பெண் கிடையாது. நான்கு விடைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே குறியுங்கள்.

மதச்சார்பற்ற அரசுக்குக் கோயில் கோபுரம் எதற்கு?

இது 1949-லேயே கேட்கப்பட்ட கேள்வி. கோபுரம் வழிபாட்டுச் சின்னமாக அல்ல, திராவிடக் கட்டடக் கலையின் அடையாளமாக வைக்கப்பட்டது என்பதே அன்று சொல்லப்பட்ட விளக்கம். சுவாரசியம் என்னவென்றால், 1967-இல் ஆட்சிக்கு வந்த திராவிட இயக்கத்தார் எழுத்தை மாற்றினார்களே தவிர, கோபுரத்தில் கை வைக்கவில்லை. கடவுள் மறுப்புப் பேசிய மேடைகளிலிருந்து வந்தவர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் கோபுரத்துக்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டு வருகிறார்கள். யாருக்கும் அது உறுத்தவில்லை. இந்த விளக்கத்தைவிட அந்தப் பழக்கமே பெரிய சான்று என்பேன்.

மற்ற மாநிலங்களும் தங்கள் மண்ணின் பழைய கட்டடங்களையும் சிற்பங்களையும் எடுத்துக்கொண்டவைதான். ஒடிசாவுக்குக் கோனார்க்கின் குதிரைவீரன், தெலங்கானாவுக்குக் காகதியர் தோரணமும் சார்மினாரும், கர்நாடகத்துக்கு இருதலைப் பறவையான கண்டபேருண்டம்.

‘வாய்மையே வெல்லும்’ எப்போது வந்தது?

அண்ணா முதல்வராக இருந்த காலத்தில். அதற்கு முன் அந்த இடத்தில் ‘சத்யமேவ ஜயதே’ இருந்தது.

‘தமிழ்நாடு அரசு’ என்ற எழுத்து எப்போது அதிகாரபூர்வமானது?

பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1967 ஜூலை 18. நாடாளுமன்றச் சட்டம் 1968. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, பொங்கல் நாள். ஜூலை 18-ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடுவது என்ற அறிவிப்பு 2021-இல் வந்தது. நவம்பர் 1 மொழிவழி மாநிலங்கள் அமைந்த நாள், 1956. இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். இந்தப் பெயருக்காக உண்ணாநோன்பிருந்து 1956-இல் உயிர்விட்ட சங்கரலிங்கனாரின் பெயரும் அடிக்கடி கேட்கப்படுகிறது. ‘மெட்ராஸ்’ நகரம் ‘சென்னை’ ஆனது தனிக் கதை, 1996.

2023-இல் ஆளுநர் மாளிகை அழைப்பிதழில் இலச்சினை பற்றி என்ன சர்ச்சை?

அந்த ஆண்டு பொங்கலுக்கு கிண்டி ஆளுநர் மாளிகையிலிருந்து போன தமிழ் அழைப்பிதழில் ‘தமிழ்நாடு ஆளுநர்’ என்பதற்குப் பதில் ‘தமிழக ஆளுநர்’ என்று இருந்தது. கோபுர இலச்சினைக்குப் பதிலாக இந்திய அரசின் சிங்க முத்திரை மட்டும் இருந்தது. சட்டமன்றத்தில் ஆளுநர் தன் உரையின் சில பகுதிகளை வாசிக்காமல் விட்ட விவகாரம் சூடாக இருந்த அதே வாரம் என்பதால் ஊரே அதைப் பேசியது. இத்தனை வருடம் ஒருவரும் உற்றுப் பார்க்காத ஓர் அழைப்பிதழின் தலைப்பை அந்த வாரம் எல்லோரும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். சில நாளில் வந்த குடியரசு தின அழைப்பிதழில் ‘தமிழ்நாடு’ என்ற பெயரும் கோபுரமும் திரும்பிவிட்டன.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் லெட்டர்பேடில் கோபுர முத்திரையைப் போடலாமா? கடை போர்டில்?

கூடாது. இங்கேதான் சட்டம் வருகிறது, அதுவும் இரண்டு சட்டம்.

முதலாவது 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் முறையற்ற பயன்பாடு தடுப்புச் சட்டம். மத்திய அரசு, மாநில அரசுகள் ஆகியவற்றின் பெயர், இலச்சினை, முத்திரை எதையும் அனுமதியில்லாமல் வியாபாரத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தக் கூடாது என்கிறது. அரசு ஆதரவு இருப்பதுபோலத் தோன்றவைக்கும் பெயர்களும் இதில் அடங்கும். இரண்டாவது 2005-ஆம் ஆண்டுச் சட்டம், இந்திய அரசின் சிங்க முத்திரைக்கானது. நம் கோபுரத்துக்கு முன்னால் அந்தச் சிங்கத் தூண் நிற்கிறதே, அதனால் இதுவும் சேர்ந்துகொள்கிறது. அரசு சம்பந்தப்பட்ட ஆவணம் என்ற எண்ணத்தை உண்டாக்கும் விதத்தில் முத்திரையையோ, அதைப் போலவே இருக்கும் சாயலையோ பயன்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

‘கொஞ்சம் மாற்றி வரைந்துவிட்டோம், கொடி இல்லை’ என்று சொல்பவர்கள் அந்தச் ‘சாயல்’ என்பதைக் கவனியுங்கள். அச்சகக்காரர்களுக்கு என் ஆலோசனை: வாடிக்கையாளர் பென்டிரைவில் கோபுரத்தோடு வந்தால், எந்தத் துறை, யார் அனுமதித்தது என்று கேட்டு, கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு அச்சடியுங்கள். கேட்டதும் பாதிப் பேர் ‘சரி, பிள்ளையார் படமே போடுங்க’ என்று இறங்கிவிடுவார்கள்.

பள்ளிப் பாடத்துக்கு வரைவது, பாடநூலில் அச்சிடுவது, இப்படி ஒரு விளக்கத்துக்காகக் காட்டுவது எல்லாம் வேறு. அங்கே யாரும் அரசு வேஷம் போடவில்லை.

வண்டியில் முத்திரை ஸ்டிக்கர் ஒட்டலாமா? மாமா ஒருவர் அரசு ஊழியர்.

மாமா அரசு ஊழியராக இருக்கலாம், வண்டி அரசு வண்டி இல்லையே. அரசு வண்டிக்குரிய ‘ஜி’ எழுத்தையோ ‘அ’ எழுத்தையோ தனியார் வண்டியில் போட்டுக்கொண்டு திரிவதும் இதே சங்கதிதான். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே 2 முதல் நம்பர் பிளேட்டில் துறைப்பெயர், தொழில்பெயர் ஸ்டிக்கர்கள் ஒட்டிய தனியார் வண்டிகள்மீது நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. அந்த வாரம் அண்ணா சாலையில் சிக்னல் ஓரமாக ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

வாட்ஸாப்பில் கோபுர முத்திரையோடு ஓர் அரசாணை வந்தது. உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முத்திரையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதை வெட்டி ஒட்டுவதற்கு ஐந்து விநாடி போதும். கீழே இறங்கி மற்ற விவரங்களைப் பாருங்கள். துறையின் பெயர் இருக்க வேண்டும். ‘அரசாணை (நிலை) எண்’ என்று எண்ணும் நாளும் இருக்க வேண்டும். தமிழ் அரசாணைகளில் திருவள்ளுவர் ஆண்டும் இருக்கும். ஆங்கில ஆண்டோடு 31 கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு. போலி செய்பவர்கள் சறுக்கும் இடம் இந்தக் கூட்டல்தான்: பழைய அரசாணை ஒன்றில் தேதியை மட்டும் மாற்றிவிட்டு வள்ளுவரை மறந்துவிடுவார்கள். ஜனவரி முதல் பாதியில் மட்டும் 30 கூட்டிப் பாருங்கள், வள்ளுவர் ஆண்டு தை ஒன்றில்தான் மாறும். கடைசியாக, அரசின் இணையதளத்தில் துறைவாரியாக அரசாணைகள் ஏற்றப்படுகின்றன, எண்ணை வைத்துத் தேடுங்கள்.

தமிழ்நாட்டுக்குத் தனிக் கொடி உண்டா?

இல்லை. 1970-இல் முதல்வர் மு. கருணாநிதி ஒரு மாநிலக் கொடி வடிவத்தை முன்வைத்தார். ஓரத்தில் தேசியக் கொடி, இன்னொரு பக்கம் அரசு இலச்சினை என்று இருந்த அந்தக் கொடி நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் கொடி விஷயத்தில் அவர் கேட்டு வாங்கிய இன்னொன்று நிலைத்துவிட்டது. சுதந்திர தினத்தன்று மாநிலத் தலைநகரில் தேசியக் கொடியை ஏற்றும் உரிமை முதல்வர்களுக்கு வந்தது 1974-இல். அதற்கு முன் ஆளுநர்கள்தான் ஏற்றினார்கள். இன்று ஆகஸ்ட் 15-இல் புனித ஜார்ஜ் கோட்டையில் முதல்வர், ஜனவரி 26-இல் கடற்கரைச் சாலையில் ஆளுநர் என்று நடப்பது அந்த ஏற்பாட்டின்படிதான்.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்க வேண்டியது கட்டாயமா?

இதற்கு 2021 டிசம்பருக்கு முன், பின் என்று இரண்டு பதில்.

மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட நாடகத்தில் வரும் வாழ்த்துப் பாடல் இது. 1970-இல் அரசு விழாக்களின் தொடக்கப் பாடலானது. மூலத்தில் உள்ள சில வரிகளை, குறிப்பாக வேற்று மொழி வழக்கொழிந்ததாகச் சொல்லும் பகுதியை, விட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்கள். எம்.எஸ். விஸ்வநாதன் மோகன ராகத்தில், திஸ்ர நடையில் இசையமைத்தார். டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய அந்தப் பதிவைக் கேட்காத தமிழ்நாட்டு மாணவர் இருக்க முடியாது.

2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு வழக்கில், இது வாழ்த்துப் பாடல், கீதம் அல்ல, எழுந்து நிற்கக் கட்டாயப்படுத்தும் ஆணை எதுவும் இல்லை என்று சொன்னது. அதே மாதம் 17-ஆம் தேதி அரசு ஆணை வெளியிட்டது. மாநிலப் பாடலாக அறிவிப்பு, பாடும் நேரம் 55 விநாடி, எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு. பொது நிகழ்ச்சிகளில் இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. நடைமுறையில் அதிகம் மீறப்படுவது இந்தக் கடைசிப் பகுதிதான். ஒலிபெருக்கிக்காரரின் செல்போனிலிருந்து ப்ளூடூத்தில் பாடல் வருகிறது, நடுவில் யாராவது அவருக்கு அழைத்தால் ரிங்டோனும் வருகிறது.

நிற்காதவருக்குத் தண்டனை உண்டா என்று கேட்டால், தேசிய கீதத்துக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதுபோல இதற்குத் தனிச் சட்டம் இல்லை.

எது முதலில், எது கடைசியில்?

தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, முடிவில் தேசிய கீதம். தமிழ்நாடு சட்டமன்ற மரபும் இதுதான். 2025 ஜனவரியில் தேசிய கீதம் தொடக்கத்தில் பாடப்படவில்லை என்று ஆளுநர் ஆர்.என். ரவி உரையை வாசிக்காமல் வெளியேறியபோது இந்த வரிசையே தலைப்புச் செய்தி ஆனது. அதற்குச் சில மாதம் முன், 2024 அக்டோபரில் சென்னைத் தூர்தர்ஷன் விழாவில் ‘திராவிடநல் திருநாடும்’ என்று வரும் அடி விட்டுப்போய், நிலையம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. விழாவில் பாடப் போகும் பிள்ளைகளிடம் வரிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், மனப்பாடமாகத் தெரியும் என்று சொன்னாலும்.

வரையாடு என்பது மலையில் மேயும் சாதாரண ஆடுதானே?

இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத விலங்கு. வரை என்றால் மலை. சங்கப் பாடல்களில் ‘வருடை’ என்று வருவதும் இதைத்தான் என்பார்கள். செங்குத்தான பாறையில், நாம் கை வைக்கவே யோசிக்கும் விளிம்பில், குட்டியோடு நின்று அசைபோடும். ஆண், பெண் இரண்டுக்கும் பின்னோக்கி வளைந்த கொம்பு உண்டு. நன்கு முதிர்ந்த கிடாவுக்கு முதுகில் சேணம் போட்டதுபோல வெளிர் நிறத் திட்டு விழும். படத்தில் இந்தத் திட்டைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ஃபேன்சி ஸ்டோரில் விற்கும் மாநிலச் சின்னங்கள் அட்டையில் பெரும்பாலும் தாடி வைத்த வெள்ளாடு ஒன்று இருக்கும். வரையாட்டுக்குத் தாடி கிடையாது. இதைச் சொல்லி மாற்றி ஒட்டிய பிள்ளைக்கு ஆசிரியர் தப்பு போட்ட சம்பவமும் நடந்திருக்கிறது, என்ன செய்வது.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. புல்வெளி சோலைக்காடுகள் தைலமரம், சீகை மரத் தோட்டங்களாக மாறியதும் பழைய வேட்டையும் இதன் எண்ணிக்கையைக் குறைத்தன. தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாயில் இதற்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2024-இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பகுதியில் 1,031 இருப்பதாக மதிப்பிட்டார்கள். வரையாட்டை ஆராய்ந்த இ.ஆர்.சி. டேவிதாரின் பிறந்த நாளான அக்டோபர் 7 வரையாடு நாள். சென்னையிலிருந்து போய்ப் பார்க்க எளிய இடம், ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் கொண்டை ஊசி வளைவுகள். சாலை ஓரத்துச் சுவரில் நின்றுகொண்டிருக்கும். தயவுசெய்து சிப்ஸ் போடாதீர்கள்.

மரகதப் புறாவும் பச்சைப் புறாவும் ஒன்றா?

இரண்டும் வேறு. அட்டைப் படங்களில் மாறிப்போவது அதிகம் இதுதான். பச்சைப் புறா ஆலமரத்தில் கூட்டமாகப் பழம் தின்னும், கால் மஞ்சள், மகாராஷ்டிரத்தின் மாநிலப் பறவை. மரகதப் புறா காட்டுத் தரையில் தனியாகவோ ஜோடியாகவோ நடந்து விதை பொறுக்கும். பச்சை நிறம் இறக்கையில் மட்டும். உடல் பழுப்பு கலந்த ஊதா, அலகு பவளச் சிவப்பு. அலகைப் பார்த்தாலே போதும்.

செங்காந்தளை மொட்டைமாடித் தொட்டியில் வளர்க்கலாமா?

வளரும். ஆனால் வீட்டில் சின்னக் குழந்தையோ நாயோ இருந்தால் வேண்டாம். செடி முழுக்க நஞ்சு, கிழங்கு இன்னும் மோசம். சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று உயிருக்கே ஆபத்தான சம்பவங்கள் இங்கேயும் இலங்கையிலும் உண்டு. அந்த நஞ்சான கால்சிசினே கீல்வாதத்துக்கு மருந்தும் ஆகிறது. அதற்காக மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். விவசாயிகளிடம் ‘செங்காந்தள்’ என்று கேட்டால் யோசிப்பார்கள். அவர்களுக்கு அது கண்வலிக் கிழங்கு. வடக்கே கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப் பூ.

பூவை அருகில் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. விரியும்போது இதழ்கள் பச்சை. ஒரு நாள் கழித்து அடியில் மஞ்சள் ஏறும், நுனி சிவக்கும். பிறகு முழுக்கச் சிவந்து, ஆறு இதழும் மேல்நோக்கி மடங்கி, விளிம்பு அலையலையாகச் சுருண்டிருக்கும். இலையின் நுனியே சுருள் கம்பியாக மாறிப் பக்கத்து வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறும். குறுந்தொகையின் முதல் பாட்டு முருகனின் குன்றத்தைக் ‘குருதிப் பூவின் குலைக்காந்தட்டே’ என்று முடிக்கிறது. அந்தச் சிவப்பைப் பார்த்தபின் அதற்கு விளக்கவுரை தேவைப்படாது. மழைக்குப் பின் வண்டலூர், நன்மங்கலம் பக்கத்துப் புதர்களில் தேடுங்கள். ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுதான் என்பது வினாடி வினாக்காரர்களுக்கு.

மாநில மரம் என்பதால் பனையை வெட்டக் கூடாதா?

சின்னம் என்பதற்காக அல்ல. தனி ஏற்பாடு இருப்பதால். 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட வேண்டிய சூழல் வந்தால் மாவட்ட ஆட்சியர் அனுமதி பெற வேண்டும் என்று அறிவித்தார்கள். 76 லட்சம் பனை விதைகள் கொடுக்கும் திட்டமும் அப்போது வந்தது. செங்கல் சூளைக்குப் பனை போய்க்கொண்டிருந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த அறிவிப்பு தாமதமாகத்தான் பட்டிருக்கும். கோடையில் நுங்கு வாங்கும்போது அது எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள், சென்னையைச் சுற்றிப் பனை எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தெரியும்.

தமிழ் மறவன் பட்டாம்பூச்சி சென்னையில் தென்படுமா?

தென்படாது. பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருப்பது. ஆரஞ்சு நிறம், கருப்பு விளிம்பு. 2019-இல் அறிவிக்கப்பட்டது. நீரடிமுத்து வகை மரத்தில் முட்டையிடும். சென்னைப் பூங்காக்களில் ஆரஞ்சு நிறத்தில் பறப்பதையெல்லாம் மறவன் என்று படம் போடுகிறார்கள். அவை பெரும்பாலும் வேறு வகை.

பலா கேரளத்துக்கும் மாநிலப் பழமாமே?

ஆமாம், 2018 மார்ச்சில் அறிவித்தார்கள். ஒரே பழத்தை இரண்டு மாநிலம் வைத்துக்கொள்ளத் தடை எதுவும் இல்லை. கோயம்பேட்டுக்கு வரும் பண்ருட்டிப் பழத்துக்கு இதெல்லாம் தெரியாது.

‘ரூ’ என்பது தமிழ்நாட்டின் அதிகாரபூர்வக் குறியீடா?

இல்லை. 2025 மார்ச்சில் மாநில நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் ரூபாய்க் குறியீட்டுக்குப் பதிலாக ‘ரூ’ என்ற எழுத்தைப் போட்டார்கள், அவ்வளவுதான். தமிழ் விலைப்பட்டியல்களில் காலங்காலமாக எழுதுவது அது. 2010-இல் ஏற்கப்பட்ட தேசிய ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த டி. உதயகுமாரும் தமிழர் என்பதால் அந்த வாரம் விவாதம் இன்னும் சுவையாக இருந்தது.

புதுச்சேரிக்கும் இதே சின்னங்களா?

வேறு. நாகலிங்கப் பூ, வில்வ மரம், குயில், அணில். அங்கே தமிழ்த்தாய் வாழ்த்தும் பாரதிதாசன் பாடல், ‘வாழ்வினில் செம்மையைச் செய்பவள் நீயே’.

சென்னையிலேயே இவற்றை நேரில் பார்க்க வேண்டுமானால்?

இலச்சினைக்கு எங்கேயும் போக வேண்டாம், வீட்டிலுள்ள பிறப்புச் சான்றிதழே போதும். பனைக்கு, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்குப் போங்கள். பனை ஓலையில் எழுதிய ஏடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பரதநாட்டியத்துக்கு மார்கழியில் சபாக்கள்; பகல் நேரக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. கபடிக்கு நேரு உள்விளையாட்டரங்கில் லீக் ஆட்டம் நடக்கும்போது போகலாம். கூட்டம் வேண்டாமென்றால் வடசென்னையின் எந்த மைதானத்திலும் மாலை ஐந்தரைக்குப் பாய் விரித்து ஆடுவார்கள், நின்று பார்க்க யாரும் காசு கேட்க மாட்டார்கள்.